அய்யலூர் மேடையில் தட்டிய ரொட்டி

திண்டுக்கல்
27.1.2025

அவையோரே! நடுவர் பெருந்தகையீர்! பின்வரிசையில் கால்கடுக்க நின்று கேட்கும் பெரியோரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மனைவி, ஒரே ஒரு ரொட்டியின் பொருட்டுக் கணவனை விட்டுப் போய்விட்டாள். இது முறையா என்று உங்களைக் கேட்கிறேன்.

ஜக்கம்மாள், எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. மூன்று தாள்களைக் கிழித்தேன். நான்காவதை அப்படியே விடுகிறேன்.

பதினெட்டாம் நாள் மாலை அய்யலூரில் பட்டிமன்றம். மறுநாள் காலை நீ வீட்டில் இல்லை. கைப்பேசியில் அழைத்தால் உன் தம்பி மகன் பாண்டியராஜ் எடுக்கிறான். "மாமா, அத்தை பேசமாட்டேங்கறாங்க. எதுனாலும் காயிதத்துல எழுதச் சொன்னாங்க" என்றான். "ஏன்டா, நான் என்ன கலெக்டருக்கு மனுவா போடுறேன்?" என்றேன். உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னான்: "வாயில பேசுனா நீங்க செயிச்சுருவீங்களாமுங்க மாமா. தாளுல செயிக்கிறது செரமமாமுங்க."

சரி, தாளில் கேட்கிறேன். நான் என்ன பிழை செய்தேன்? தூங்கும் கூட்டத்தை எழுப்ப இல்லாளைப் பற்றி இரண்டு சொல் சொல்வது எல்லா மேடைகளிலும் உள்ள வழக்கம். உன்னைப் போன்றே ஒவ்வொரு பேச்சாளனின் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அவர்களில் எவளும் பெட்டியைத் தூக்கவில்லை. நான் உன்னை இழிவு செய்ததாக எண்ணுகிறாய். கூட்டம் உன்னை விரும்புகிறது. "அம்மா சவுக்கியமா?" என்று முன்பின் அறியாதவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.

வீட்டில் தூசி ஏறிக் கிடக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறது. மிகவும் களைத்திருக்கிறேன். கோபம் தணிந்ததும் வந்து சேர். சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது.

தங்கமுத்து


நெய்க்காரப்பட்டி
1.2.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

இங்கே அவையும் இல்லை, நடுவரும் இல்லை. தம்பியின் தோட்டத்து வீட்டில் நான் ஒருத்திதான் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் உங்கள் உரைகளைப் படியெடுத்துக் கொடுத்தவள் நான். உங்களைப் போல எழுத எனக்கும் கொஞ்சம் வரும்.

கோபம் தணிந்ததும் வரச் சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அன்றே கத்தியிருப்பேன். இது அலுப்பு. அலுப்பு தணிய எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

என்ன பிழை என்று கேட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். மகளின் பேறுகாலத்துக்காக அயர்லாந்து போய் எட்டு மாதம் இருந்தேன். அவள் மருத்துவமனை வேலைக்குத் திரும்பியபின் பகலெல்லாம் நானும் கைக்குழந்தையும் மழையும்தான். எதிர்வீட்டில் நோரா என்று ஒரு பெண், பேருந்து ஓட்டுபவள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஒருநாள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். மாவு, உப்பு, ஆப்ப சோடா, புளித்த மோர். அவ்வளவுதான். பிசைந்தாள், அடுப்பில் வைத்தாள், முக்கால் மணியில் ஒரு ரொட்டி. மறுநாள் நானே செய்தேன். அவள் ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். என் சமையலை யாரும் தீர்ப்புச் சொல்லாமல் தின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் நம் வீட்டுக் குக்கரில் அதையே சுட்டேன். உங்களுக்காகச் சுட்டேன். அடுக்களையில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். மதியம் பார்த்தால் மூடிய துணி மட்டும் இருந்தது.

எட்டு மாதமாகக் கேட்காத உங்கள் பேச்சைக் கேட்கலாம் என்று, உங்களிடம் சொல்லாமலே அய்யலூருக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பையிலிருந்து அந்த ரொட்டியை எடுத்தீர்கள். என் குரலில், எங்கள் ஊர்ப் பேச்சில், "ஏனுங்க, சீமை ரொட்டி சுட்டிருக்கனுங்க, ஒரு கடி கடிச்சுப் பாருங்க" என்றீர்கள். பிறகு அதை ஒலிபெருக்கியின் முன்னால் வைத்து விரலால் தட்டினீர்கள். டொக், டொக். "அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருவோரே, முளை அடிக்க இனிக் கல் தேட வேண்டாம்!" என்றீர்கள். பந்தல் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணீர் வரச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே கேட்டாள்: "யக்கா, அந்தம்மா இங்கன வந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருக்கும்ல?"

"வந்திருக்காதுங்க" என்றேன்.

அந்த ரொட்டியை நீங்கள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அதுதான் பிழை.

மன்னிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல்லை வைத்து நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவீர்கள். அந்த ரொட்டியை உங்கள் கையால் ஒருமுறை செய்யுங்கள். பிறகு எழுதுங்கள்.

ஜக்கம்மாள்


திண்டுக்கல்
8.2.2025

ஜக்கம்மாள்,

நீ அந்தக் கூட்டத்தில் இருந்தாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். நீ வீட்டில் இருந்தாய், என் பேச்சை யாரோ வந்து உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். இவ்வளவு எழுதியபின் இரண்டு நாள் இந்தத் தாளை மூடி வைத்திருந்தேன்.

நீ விதித்ததைச் செய்தேன். மூலைக்கடை அல் அமீனிடம் போய், "சமையல் உவர்த்தூள் இருக்கிறதா?" என்றேன். அவர் கல்லாவிலிருந்து தலையை நீட்டி, "தமிழ்ல கேளுங்க சார்" என்றார். பிறகு நானே "ஆப்ப சோடா" என்றேன். "அதச் சொல்ல வேண்டியதுதான? நான் என்னமோ வயித்துக்கு மருந்துன்னு நெனச்சேன்" என்று எடுத்துத் தந்தார்.

எனக்கு மாவு பிசையத் தெரியாது என்பது நீ அறிந்ததே. ஆகவே தெருமுனை உணவகத்தின் பரோட்டா மாஸ்டர் ஞானதாஸை வீட்டுக்கு அழைத்தேன். அரை மணி நேரம் மாவை அடித்தார். "மாவ அடிச்சாத்தான் சார் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி, இரண்டு மணி நேரம் ஊற வைத்தார். "ஊறலேன்னா ரப்பராயிடும் சார்." நான் அருகில் நின்று மேற்பார்வை செய்தேன். குக்கரில் வைத்து ஒரு மணி நேரம் வேகவிட்டோம்.

வெளியே எடுத்தபோது தட்டையாக, வெளிறி, ஈரமான செங்கல்லைப் போலக் கிடந்தது. ஞானதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க மேடையில சொன்னது நெசந்தான் போல" என்றார். முன்பென்றால் சிரித்திருப்பேன்.

ஆக, ரொட்டி வரவில்லை. முயன்றேன் என்பதைக் கணக்கில் கொள். வீடு வந்து சேர்.

தங்கமுத்து


நெய்க்காரப்பட்டி
12.2.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

ஞானதாஸ் செய்தார், நீங்கள் பார்த்தீர்கள். நான் உங்கள் கையால் என்று எழுதியிருந்தேன்.

அவர் நல்ல மாஸ்டர். பரோட்டாவுக்கு அவர் செய்தது எல்லாம் சரி. இதற்கு எல்லாமே தவறு. இந்த மாவை அடிக்கக் கூடாது. விரலை விரித்து ஒரு சுற்று சுற்றிச் சேர்த்தால் போதும், ஒட்டிக்கொண்டும் கரடுமுரடாகவும்தான் இருக்கும், இருக்கட்டும். ஊற வைக்கவே கூடாது. புளித்த மோர் சோடாவைத் தொட்ட அந்த நொடியே மாவு மூச்சுவிடத் தொடங்கிவிடும். அந்த மூச்சு உள்ளே இருக்கும்போதே அடுப்புக்குப் போக வேண்டும். துணி போட்டு மூடிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று போனால், திரும்பி வரும்போது எல்லாம் ஓய்ந்திருக்கும். பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் எழாது.

கோதுமை மாவும் மைதாவும் பாதிப்பாதி, இரண்டும் சேர்ந்து மூன்று தம்ளர். சோடா ஒரு சின்னக் கரண்டி, தலை தட்டி. உப்பு அதே அளவு. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த கெட்டி மோர், இரண்டு நாள் புளித்தது, ஒன்றேகால் தம்ளர். குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் போட்டு, முதலிலேயே நன்றாகச் சூடேற்றிவிடுங்கள். மூடியின் ரப்பரையும் குண்டையும் கழற்றிவிடுங்கள். உருண்டையின் மேலே கத்தியால் கூட்டல் குறி போல ஆழமாகக் கீற வேண்டும். மேலாகக் கீறினால் நடு வேகாது. முக்கால் மணி.

வெந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இங்கே நான் சும்மா இல்லை. காலையில் தம்பி மனைவியோடு களை வெட்டப் போகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் சாயங்காலம் யாரும் என்னைப் போலப் பேசிக் காட்டுவதில்லை.

ஜக்கம்மாள்


திண்டுக்கல்
20.2.2025

ஜக்கம்மாள்,

மூன்று ரொட்டிகள் செய்தேன். என் கையால்.

முதலாவதற்குக் கடையில் விற்கும் மோர்ப் பொட்டலத்தை ஊற்றினேன். அதில் இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் இருந்ததைக் கவனிக்கவில்லை. ரொட்டி பந்திச் சாப்பாட்டின் கடைசி வாய்போல மணத்தது. இரண்டாவதற்கு மோர் சரியாக இருந்தது. ஆனால் ஊற்றியபின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தேன். நீ சொன்னது நடந்தது, எல்லாம் ஓய்ந்திருந்தது. அழைத்தவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதை நேற்றுக் காலை செய்தேன். தயிரை நானே கடைந்தேன். வெண்ணெய் திரள இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு இந்த அறுபத்து மூன்று வயதுவரை தெரியாது. கைப்பேசியை அணைத்துப் பரணில் வைத்தேன். மாவு விரல்களில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கீறினேன், வைத்தேன், நாற்காலியை அடுப்பின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

எடுக்கும்போது மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். மேலே பழுப்பேறி வெடித்திருந்தது. வெந்ததா என்று தெரியாமல் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தட்டினேன்.

டொக் என்றது. உள்ளே கூடாக இருப்பதுபோல் ஒலித்தது.

"உங்களுக்கே தெரியும்" என்று நீ எழுதியதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அய்யலூரில் நான் ஒலிபெருக்கியின் முன் தட்டிக் காட்டிய அதே ஓசை. ரொட்டி சரியாக வெந்திருக்கிறது என்பதற்கான ஓசை. ஆயிரம் பேர் கேட்க உன் ரொட்டி நன்றாக வந்திருக்கிறது என்று மெய்ப்பித்துவிட்டு, அதையே கல்லென்று சொல்லியிருக்கிறேன்.

ஆறவிட்டு அறுத்துத் தின்றேன். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இலேசான புளிப்போடும் இருந்தது. தின்றுகொண்டே அழுதேன் என்று எழுதினால் மேடைப் பேச்சாகிவிடும். தின்றேன். நன்றாக இருந்தது. சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

இரண்டாவது ரொட்டியைக் கெடுத்த அழைப்பு, அய்யலூர் விழாக் குழு வேலுசாமியிடமிருந்து வந்தது. அடுத்த மாதம் எட்டாம் நாள் மீண்டும் கூட்டமாம். "சார், வேற எதும் வேணாம். அந்த ரொட்டிப் பேச்சையே பேசிருங்க. சனம் இன்னும் அதத்தேன் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ சொல்.

தங்கமுத்து


நெய்க்காரப்பட்டி
25.2.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

நடு வெந்திருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. டொக் என்று கேட்டிருந்தால் வெந்திருக்கும். மணிக்கட்டில் தேங்காயெண்ணெய் தடவுங்கள், பற்பசை தடவாதீர்கள்.

என்ன பேசுவது என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் சொன்னால் அதுவும் உங்கள் பேச்சாகிவிடும். நான் சொல்லமாட்டேன். அய்யலூருக்கு வரவும் மாட்டேன். பாண்டியராஜ் தன் கைப்பேசியில் காட்டுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நீங்களே எழுதினால் படிப்பேன். உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

ஜக்கம்மாள்


திண்டுக்கல்
10.3.2025

ஜக்கம்மாள்,

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

அன்று காலையில் ஒரு ரொட்டி சுட்டேன். இதுவரை செய்தவற்றில் அதுதான் சிறந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போனேன். பேருந்தில் வடமதுரை தாண்டும்வரை என் மடியில் சூடாக இருந்தது. அய்யலூருக்குள் நுழைந்தபோதே டீக்கடையில் நின்ற இருவர், "ஏலே, ரொட்டிக்காரு வந்துட்டாருடா" என்றார்கள்.

அன்றைக்கு என்ன தலைப்பு என்பதுகூட இப்போது நினைவில்லை. என் முறை வந்ததும் எழுந்தேன். ரொட்டியை மேசைமேல் வைத்தேன். அதற்கே பந்தல் குலுங்கியது. கையமர்த்திவிட்டு, "சென்ற முறை இந்த மேடையில் நான் என் மனைவியைப் பற்றிப் பொய் சொன்னேன்" என்றேன். சிரித்தார்கள். "அவள் சுட்ட ரொட்டியைத் தின்னாமலே கல் என்றேன்" என்றேன். இன்னும் உரக்கச் சிரித்தார்கள். "நான் வெட்கப்படுகிறேன்" என்றேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்து ஓர் இளைஞன் பெண்குரலில், "ஏனுங்க, அடிச்சுட்டாங்களாங்க?" என்று கத்தினான். அவன் உன்னைப் பார்த்ததே இல்லை. நான் கற்றுக்கொடுத்த குரல் அது. அதே இழுப்பு.

நான் எதைச் சொன்னாலும் அடுத்து நகைச்சுவை வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். உண்மை என்று சொன்னேன், சத்தியம் என்று சொன்னேன், ஒவ்வொன்றும் கைதட்டல் வாங்கியது. முப்பது ஆண்டுகள் நான் பழக்கிய சிரிப்பு, ஒரு மாலையில் நிற்க மறுத்தது. ஒலிபெருக்கியின் முன் வெறுமனே நின்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு ரொட்டியை அறுத்தேன். கீழே இறங்கி முன்வரிசையில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். தின்னும்போது சற்று அமைதியானார்கள். ஒரு பெண், "நல்லாத்தான இருக்கு" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். நீ சொன்ன அந்தப் பெண்ணாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். எப்படித் தெரியும்? மேடைக்குத் திரும்பாமல் அப்படியே பந்தலைவிட்டு வெளியேறிப் பேருந்து ஏறினேன். வேலுசாமி கைப்பேசியில் அழைத்தார். "சார், இதுவும் அருமை. வெளிநடப்பு வேற லெவலு" என்றார்.

ஜக்கம்மாள், நான் தோற்றுவிட்டேன். தாளிலும் தோற்றேன், வாயிலும் தோற்றேன். வீடு வந்து சேர் என்று எழுத இப்போது கை வரவில்லை. நீ எதற்காக வரவேண்டும்? உன்னைப் பற்றி இனி எந்த மேடையிலும் ஒரு சொல் பேசமாட்டேன். ஆனால் நான் பேசாவிட்டாலும் அவர்கள் பேசுவார்கள். அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

தங்கமுத்து


நெய்க்காரப்பட்டி
14.3.2025, காலை

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளில் நீங்கள் எழுதியவற்றில் எனக்குத் திருத்தத் தோன்றாத ஒன்று இதுதான்.

சிரிப்பை நிறுத்த வழி தெரியவில்லை என்கிறீர்கள். அது நிற்காது. அய்யலூரில் இன்னும் பத்து ஆண்டு என்னை வைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் யாரும் என்னோடு முப்பத்து நான்கு ஆண்டு குடும்பம் நடத்தவில்லை. நான் கேட்டது உங்களிடம்.

நீங்கள் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு முக்கால் மணி பேசாமல் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. எனக்கு அந்த முக்கால் மணி வேண்டும். ஒரு ரொட்டி வேகும் நேரம் நான் பேசுவேன், நீங்கள் கேட்க வேண்டும். நடுவில் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நான் தடுமாறினால் முடித்து வைக்கக் கூடாது. என் பேச்சில் "ஏனுங்க" வந்தால் உதடு சுழிக்கக் கூடாது. அழுதாலும் அழுதுகொண்டே சொல்வேன், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னவெல்லாம் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கீர்த்தனா பிறந்தபோது நடந்ததிலிருந்து சொல்ல வேண்டியது இருக்கிறது. அது முடிந்தபின் திண்டுக்கல் வருகிறேனா, இங்கேயே இருக்கிறேனா என்று சொல்வேன். இப்போது சொல்லமாட்டேன், எனக்கும் தெரியவில்லை.

இதைத் தபாலில் போடவில்லை. பாண்டியராஜ் வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வருகிறான், அவன் கையிலேயே கொடுத்துவிட்டிருக்கிறேன். மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு நம் வீட்டுக்கு வருவான். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் கதை பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மாவை அளந்து வைத்துவிட்டேன். உப்பும் சோடாவும் கலந்தாயிற்று. மோர் மூன்று நாளாகப் புளித்திருக்கிறது, நாளைக்கு ஆகாது. நீங்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபின்தான் மோரை ஊற்றுவேன். அதற்கு முன் ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன்.

சட்டை மாற்ற வேண்டாம். துண்டு தேட வேண்டாம். பதில் எழுத உட்காராதீர்கள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டைப் பூட்டுங்கள். அவன் வண்டியில் ஏறுங்கள்.

ஜக்கம்மாள்